மார்பகக் கட்டியும் மொழியுரிமையும்

இலங்கைப் பெண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் முதலிடம் வகிப்பது மார்பகப் புற்றுநோயாகும். முற்பட அறிந்தாற் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய இந்நோய், பிந்தி அறியப்படுவதாலேயே பலருயிரைக் கவர்கின்றது. பிந்துவதற்குப் பெண்களின் நாணமும் அச்சமுமே காரணமென்று கூறி, அத்துடன் தங்கடமை முடிந்ததாகக் கருதுவாருமுளர். அது பாதி உண்மையே. மறுபாதிக்கு அரசாங்கம் பொறுப்புக் கூறல் வேண்டும்.

கட்டியென்றாற் புற்றென்று நடுங்க வேண்டியதில்லை. மார்பகக் கட்டிகளுட் பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனால், எது தீங்கற்றது, எது தீங்குள்ளது என்பதைக் கைவிரல் மட்டும் தீர்மானித்துவிட முடியாது. மக்கள் 'ஸ்கான்' என்று வழங்கும் கேளா ஒலிப் படப்பிடிப்பு இங்கேதான் உதவுகின்றது. காதுக்கெட்டாத ஒலியலையை உடலினுட் செலுத்தி, மீண்டு வரும் எதிரொலியைப் படமாக்குவதே அக்கருவியின் தொழில். கிணற்றிற் கல்லெறிந்து, எழும் ஓசையைக் கொண்டு உள்ளிருப்பது நீரா, பாறையா என்று கமக்காரர் அறிவதைப் போன்றதே இதுவும். நீர்க்கட்டி எதிரொலி தராது கறுப்பாகத் தெரியும். திண்மையான கட்டி வேறுவிதமாகத் தோன்றும். 1950களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஜோன் வைல்ட், ஜோன் றீட் என்போர் இம்முறையால் மார்பகக் கட்டிகளை ஆராய்ந்தனர்.

இதிற் கதிர்வீச்சு இல்லை. இழையம் செறிந்த இளம்பெண்களின் மார்பகத்தில் மமோகிராம் தவறவிடும் கட்டியையும் இது காட்டவல்லது. ஆயினும், நுண்ணிய சுண்ணப் படிவுகளை மமோகிராமே நன்கு காட்டும். ஆகவே, ஒன்று மற்றொன்றுக்கு மாற்றன்று. ஐயமிருப்பின், ஊசியால் இழையமெடுத்துச் சோதிப்பதே முடிந்த முடிபாகும்.

வெள்ளவத்தையிற் பணமுள்ள பெண் தனியார் நிலையமொன்றில் அன்றைக்கே ஸ்கான் எடுத்துக்கொள்கிறாள். கொட்டாஞ்சேனையில் நாட்கூலிக் குடும்பத்துப் பெண் அரசாங்க வைத்தியசாலையில் முறை வரும்வரை காத்திருக்கிறாள். இருவர் கையிலும் இறுதியிற் கிடைப்பது ஆங்கில அறிக்கையே. வைத்தியர் வைத்தியருக்கு எழுதுவது ஆங்கிலத்தில் இருப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால், "அஞ்ச வேண்டாம்", "ஆறு மாதத்தில் மீண்டும் வருக", "உடனே ஊசிச் சோதனை செய்க" என்னும் மூன்று செய்திகளுள் தனக்குரியது எது என்பதைத் தன்மொழியிற் கேளாது ஒரு பெண் வீடு திரும்புவாளாயின், அந்த ஸ்கானால் அவளுக்கு என்ன பயன்?

சட்டம் இது குறித்து மௌனமாயில்லை. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் பதினாறாந் திருத்தத்தின் வழிவந்த 22ஆம் உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரசாங்க உத்தியோகத்தருடன் தமிழிற் கருமமாற்றித் தமிழில் மறுமொழி பெறும் உரிமையை வழங்குகின்றது. தனியார் நிலையங்களை இது கட்டுப்படுத்தாது. அரசாங்க வைத்தியசாலையோ இதிலிருந்து தப்ப முடியாது. உரிமை மறுக்கப்படின், 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடம் எழுத்தில் முறையிடலாம்.

தமிழறிந்தோர், அதிலும் பெண்கள், இத்துறையிற் போதிய அளவில் இருப்பின் இம்முறையீட்டுக்கே தேவை குறையும். பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் ஸ்கான் எடுத்தல் தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. எமது நாட்டிலோ அதனைப் பெரும்பாலும் வைத்தியர்களே செய்கின்றனர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின் பின் வைத்தியர் பலர் நாட்டை நீங்கினர். எஞ்சியோர் தலையிலேயே முழுச்சுமையையும் ஏற்றுவது அறமுமன்று, அறிவுமன்று. பயிற்சி பெற்ற கதிர்ப்படப்பிடிப்பாளர், வைத்திய நிபுணரின் மேற்பார்வையில் இப்பணியைப் பகிர்ந்துகொள்ள அரசாங்கம் முறையான பயிற்சியும் பதவியும் வகுத்தல் வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மருத்துவபீடம் கிட்டாத பிள்ளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கதிர்ப்படவியற் பட்டம் போன்ற வழிகள் உள. விளம்பரத்தை நம்பிக் காணியை ஈடு வைத்து 'ஸ்கான் டிப்ளோமா'வுக்குப் பணங்கட்டுமுன், அத்தகைமையை இலங்கை மருத்துவப் பேரவை ஏற்குமா, வேலை எங்கே உண்டு என்னும் இரு வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறுக.

அறிகுறியுடன் வரும் பெண்ணுக்கு அறுபது நாட்களுள் நோய் இன்னதென்று தீர்மானிக்கப்படல் வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் இலக்கு வகுத்துள்ளது. அவ்வறுபது நாட்கள் கொட்டாஞ்சேனைப் பெண்ணுக்கும் முல்லைத்தீவுக் கமக்காரரின் மனைவிக்கும் உரியனவே. ஒவ்வொரு போதனா வைத்தியசாலையும் மார்பக ஸ்கானுக்குக் காத்திருக்கும் காலத்தை வெளியிடட்டும். முடிவைத் தமிழில் விளக்கும் உத்தியோகத்தரை நியமிக்கட்டும். இவை சலுகைகளல்ல.

அதுவரை எம்மவர் கைகட்டியிருத்தலாகாது. முப்பத்தைந்து வயதெய்திய பெண்கள் சுகநலப் பெண்கள் கிளினிக்கில் இலவசமாகச் சோதனை பெறலாம். கட்டியொன்று தென்படின் வயதையும் பாராது, நாளையும் பாராது வைத்தியரை நாடுக. ஆடவர்காள்! உங்கள் தாயும் தாரமும் தமக்கையும் தாமாகச் சொல்லத் தயங்குவர். நீங்களே கேட்டறிந்து, உடன் சென்று வருக.