தோழனுக்கு என்ன கொடுப்பது?



கலியாணக் காலம் தொடங்கிவிட்டால் எம்மிடம் வரும் கேள்விகளும் மாறிவிடும். மஹர், வலீமா, மண்டபம் என்று அவை நீளும். அண்மையில், என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர் வேறு விதமான கேள்வியுடன் வந்தார். "ஹஸ்ரத், எனக்கு நான்கு தோழன்மார். நாலு பேரும் லீவு கிடைத்தால் மலை, காடு என்று கிளம்பிவிடுவார்கள். கலியாணத்தன்று அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்?"

மாப்பிள்ளைத் தோழன் எமது சமூகத்துக்குப் புதியவரல்லர். ஆனால் ஒரே நிறக் கோட்டில் நான்கைந்து பேரை வரிசையாக நிறுத்துவதும், அவர்களுக்குப் பெட்டி கட்டி அன்பளிப்புக் கொடுப்பதும் மேற்கு நாட்டுக் கலியாணங்களைப் பார்த்து வந்தவை. வந்த வழி எதுவாயினும், அன்பளிப்பு உள்ளங்களை இணைக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் அதற்கு ஆர்வமூட்டியிருக்கிறார்கள். எனவே கொடுப்பதை நான் தடுக்கவில்லை. கடன்பட்டுக் கொடுப்பதைத்தான் தடுப்பேன். தோழன்மாருள் ஒருவராவது அந்தக் கோட்டைத் தைப்பதற்குச் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்திருப்பார். தையற்கூலியை மாப்பிள்ளையே ஏற்றுக்கொண்டால் அதுவே முதல் அன்பளிப்பு.

மாணவர் தனது தொலைபேசியில் சில படங்களைக் காட்டினார். சட்டைப் பையில் அடங்கும் தட்டையான உலோகக் குப்பி ஒன்று. வெளிநாடுகளில் மாப்பிள்ளைத் தோழருக்கு அதிகம் கொடுக்கப்படும் பொருள்களில் அதுவும் ஒன்று. மதுவை வைத்துக்கொள்வதற்கென்றே உருவான பாத்திரம் அது. அதில் பிளேன்டீ ஊற்றிக் குடிக்கலாமே என்று ஒருவர் வாதாடலாம். மலையுச்சியில் அதை வெளியே எடுக்கும்போது பக்கத்தில் நிற்பவர் என்ன நினைப்பார்? வெள்ளியில் செய்த குப்பியென்றால் பேச்சே இல்லை. தங்க, வெள்ளிப் பாத்திரங்களில் பருகுவது விலக்கப்பட்டது என்பதை மத்ரஸாப் பிள்ளையும் அறியும்.

மற்றொரு படத்தில் மாப்பிள்ளை, பெண் இருவரின் பெயரும் கலியாணத் திகதியும் பொறித்த மடக்குக் கத்தி. இன்னொருவருடைய கலியாணத் திகதியைச் சுமந்துகொண்டு மலையேற யாருக்கு ஆசை வரும்? கொடுத்ததைச் சொல்லிக் காட்ட வேண்டாம் என்று குர்ஆன் எச்சரிக்கிறது. கொடுத்த பொருளிலேயே எமது பெயரைப் பொறித்து வைப்பது அதன் தூரத்து உறவு போல எனக்குப் படுகிறது. பொறிக்கத்தான் வேண்டுமென்றால் தோழனின் பெயரையும், அவருடைய இரத்த வகையையும், வீட்டாரின் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு சிறு தகட்டில் பொறித்துக் கொடுங்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்க வருபவருக்கு அது பயன்படும்.

கடையில் எது அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன், அந்தத் தோழன் போகும் இடத்தில் எது இல்லாமல் தவிப்பார் என்று யோசிக்க வேண்டும். எமது நாட்டில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணியளவில் மறைந்துவிடும். அதன் பின் அரை மணி நேரத்தில் இருட்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரில் மூடுபனியும் சேர்ந்துகொண்டால் ஐந்து மணிக்கே பாதை மங்கிவிடும். கையில் டோர்ச் பிடித்தவர் வழுக்குப் பாறையில் ஒரு கையால்தான் பிடித்து இறங்க வேண்டும். நெற்றியில் கட்டும் டோர்ச் இரண்டு கைகளையும் விடுவிக்கிறது. பெட்டியில் 'ஐபிஎக்ஸ் 4' என்று இருந்தால் மழைத்துளியைத் தாங்கும். 'ஐபிஎக்ஸ் 7' என்றால் ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது. ஆற்றைக் கடந்து செல்பவருக்கு இரண்டாவதை வாங்குங்கள்.

நக்கிள்ஸ், சிங்கராஜக் காடு என்று போகிறவர் அட்டைக்கடியை நன்கு அறிவார். சவர்க்காரமும் சித்தாலேப்பையும் காலில் பூசிக்கொண்டு போவார்கள், மழையில் அவை கரைந்துவிடும். நெருக்கமாக நெய்த, முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை ஒரு சோடி பெரிய விலையல்ல. அழகான பொருளும் அல்ல. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் உங்களுக்காக ஒரு துஆ கிடைக்கும்.

திசைகாட்டியை நான் மிகவும் விரும்புவேன். மலைக்குள் தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது, மின்கலமும் இறங்கிவிடும். காந்த ஊசிக்கு இரண்டும் தேவையில்லை. எமது நாட்டிலிருந்து கிப்லா ஏறக்குறைய 295 பாகையில், அதாவது நேர் மேற்கிலிருந்து 25 பாகை வடக்கே சரிந்து இருக்கிறது. இதை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டிக்குள் வைத்தால், பாறைமேல் அஸர் தொழ நிற்கும் நால்வரும் நான்கு பக்கம் கை காட்டித் தர்க்கிக்க மாட்டார்கள்.

மலையேறும் சப்பாத்தை ஆச்சரியமாகக் கொடுக்க நினைக்காதீர்கள். காலை அளந்து, நடந்து பார்த்து வாங்க வேண்டிய பொருள் அது. உள்ளே பன்றித் தோல் வைத்துத் தைத்த சப்பாத்துகளும் கையுறைகளும் சந்தையில் உண்டு. மயிர்த் துளைகள் மூன்று மூன்றாகக் கூடித் தெரிந்தால் அது பன்றித் தோலின் அடையாளம்.

மாணவரின் தோழன்மாருள் ஒருவருக்கு மலையில் நாட்டமில்லை. மன்னாரில் வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரை பார்க்கப் போவாராம். அவருக்குத் தொலைநோக்கி. அதில் 8×42 என்று இருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீற்றர் என்று பொருள். கடைக்காரர் இருபது மடங்கு என்று ஒன்றை எடுத்து நீட்டுவார். கையில் வைத்துப் பார்த்தால் படம் நடுங்கும். தொலைநோக்கி மற்றவற்றை விட விலை கூடியது என்பதால், மற்ற மூவருக்கும் இரண்டு மூன்று பொருள்களைச் சேர்த்துச் சமப்படுத்தலாம். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவருக்கு எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி ஒன்றைச் சேர்க்கலாம். நுழைவாயிலில் பைகளைச் சோதித்துப் பொலித்தீனை எடுத்துவிடுகிறார்கள்.

பொருள் வேறு வேறாக இருக்கட்டும், செலவு மட்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்கட்டும். பணக்காரத் தோழனுக்கு ஒரு தராதரம், ஏழைத் தோழனுக்கு இன்னொன்று என்று ஆகிவிட்டால் அன்பளிப்பே கசப்பாகிவிடும். இன்னுமொன்றையும் மாணவரிடம் கேட்டேன்: கோட் அணியாமல், முந்திய இரவு முழுவதும் கதிரை அடுக்கி, சஹன் தூக்கி, விடியும் வரை சமையற்காரருடன் நிற்கும் நண்பர் யார்? அவர் சற்றே யோசித்து, ஐந்தாவதாக ஒரு பெயரைச் சொன்னார். பட்டியலில் அந்தப் பெயரை முதலில் எழுதச் சொன்னேன்.

மேடையில் எல்லோருக்கும் முன்பாகக் கொடுக்க வேண்டாம். கலியாணத்துக்கு ஒரு கிழமைக்கு முன், அவரவர் வீட்டுக்குப் போய்க் கையில் கொடுங்கள். கடை இரசீதையும் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அளவு பிழைத்தால் மாற்றிக்கொள்ளட்டும்.