போனது போனதுதானா?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது வரும் எஸ்.எஸ்.டி. நின்றுபோனால், “போனது போனதுதான் சார், புதுசு போட்டுக்குங்க” என்று கடைகளில் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன மாதம் என்னுடையதும் நின்றது. உள்ளே அப்பாவின் எத்தா சிவில் நகல்கள், கல்யாணப் படங்கள். செல்போன் போர்டு வேலை செய்யும் ஒரு தம்பியிடம் கொண்டுபோனேன். உறையைக் கழற்றி மீட்டர் வைத்தார். 5 வோல்ட் வரும் பாதையில் ‘பீப்’ என்று கத்தியது. ஷார்ட்! போர்டில் ஆல்கஹாலைத் தடவி, அந்தப் பாதையில் 1 வோல்ட் மட்டும் கொடுத்தார். கடுகளவு கெப்பாசிட்டர் ஒன்றின் மேல் மட்டும் ஈரம் உடனே காய்ந்தது. சூடேறுவது அதுதான். வெப்பக் காற்றடித்து அதை எடுத்துவிட்டு மாட்டினார், கம்ப்யூட்டர் கண்டுகொண்டது. மின்சாரத்தைச் சமன்படுத்த அங்கே அதைப்போல் பல உண்டு. ஒருவர் லீவு போட்டால் ஆபீஸ் நின்றுவிடுமா? (நம் ஆபீசைச் சொல்லவில்லை.) முதல் வேலையாக எல்லாவற்றையும் வேறு டிரைவில் நகலெடுத்தார். பழையதை இனி நம்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

மெமரி சிப்பைப் பிடுங்கி வேறிடத்தில் படிக்கலாமே என்பீர்கள். இன்றைய டிரைவ்கள் பலவற்றில் கன்ட்ரோலர் சிப் எல்லாவற்றையும் சங்கேதமாக்கித்தான் எழுதுகிறது, சாவியும் அதனிடமே. அதனால் அதே போர்டுக்குத்தான் உயிர் கொடுக்க வேண்டும். கன்ட்ரோலரே எரிந்திருந்தால் கஷ்டம்தான். அதைச் சொல்லவும் முதலில் உறையைக் கழற்ற வேண்டுமே! என்னிடம் ‘போச்சு’ என்ற கடையில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை.