கையால் போட்ட மென்பொருளுக்கு யார் காவல்?

"லினக்ஸ் கம்ப்யூட்டரா? எல்லாம் தானாகவே புதுப்பித்துக் கொள்ளும். கவலையே இல்லை!"

இப்படிச் சொல்பவர்கள் உண்டு. இது பாதி உண்மை.

விண்டோசைப் போலக் கம்ப்யூட்டரை இயக்குவது லினக்ஸ். அதன் உபுண்டு, டெபியன் வகைகளில் "ஆப்ட்" என்று ஒரு கணக்குப்பிள்ளை இருக்கிறது. தன் வழியாக வந்த மென்பொருளை எல்லாம் அது ஏட்டில் எழுதிக்கொள்ளும். புதிய பதிப்பு வந்தால், மின் கையொப்பத்தைச் சரிபார்த்துத்தான் உள்ளே விடும்.

ஆனால், வீட்டுப் பிள்ளை ஆசையாக இணையத்தில் இருந்து இறக்கிப் போட்ட மென்பொருள்? அது ஏட்டிலேயே இல்லை! சில மென்பொருள்கள் தாமே புதுப்பித்துக் கொள்ளும். மற்றவை பழசாகிக் கிடக்கும். அவற்றின் ஓட்டை வழியே திருடன் வந்தால், போவது கடவுச்சொல்லும், குடும்பப் படங்களும்தான்.

மின்ட்டில் நடந்தது

புதியதை இறக்குவதிலும் ஆபத்து உண்டு. 2016-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந்தேதி, "லினக்ஸ் மின்ட்" இணையதளத்தில் விஷமிகள் புகுந்தனர். 17.3 சின்னமன் பதிப்பை இறக்கும் இணைப்பைத் தங்கள் பக்கம் திருப்பி விட்டனர். அதை நம்பி இறக்கியவர்களுக்குக் கிடைத்தது, கள்ளக்கதவு வைத்த நகல்!

அதே பக்கத்தில் உள்ள சரிபார்ப்பு எண்ணை மட்டும் நம்பினால் போதாது. பக்கத்தை மாற்றியவன் எண்ணையும் மாற்றலாம் அல்லவா? தயாரித்தவரின் மின் கையொப்பத்தையும் பார்க்க வேண்டும்.

மேலே கொட்டாதீர்கள்

புதியதைப் பழையதன் மேலேயே கொட்டுவது சிலர் வழக்கம். இரண்டும் கலந்துவிடும். கோளாறு வந்தால் திரும்ப வழி இல்லை. பதிப்பு எண்ணோடு தனி அடைவில் பிரித்து வையுங்கள். அதை இயக்கிப் பார்க்கும் முன், உங்கள் அமைப்புகளையும் நகல் எடுங்கள். 2019-ம் ஆண்டில் வந்த 67-வது பதிப்பு முதல், பயர்பாக்ஸ் இதில் கண்டிப்பு. புதிய பதிப்பு தொட்ட விவரத்தைப் பழைய பதிப்பு சாதாரணமாகத் திறக்காது. நகல் இல்லை என்றால், குறித்து வைத்த பக்கங்களோடு பழையதற்குத் திரும்புவது கடினம். புதியது ஒழுங்காக ஓடுவதைச் சில நாள் பார்த்த பிறகே பழையதை அழிக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு? "ஆப்ட்"டில் கிடைப்பதைக் கையால் போடவே வேண்டாம். ஒரு பதிப்பு பின்தங்கினால் குடி முழுகிவிடாது. அங்கே கிடைக்காததை மட்டும் போடுங்கள். பெயர், எண், தேதி, எடுத்த இடம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒரு முறை பாருங்கள்.