வெட்டவெளியில் நடத்தல்

ஆண்டுதோறும் நம் மாணாக்கர் மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலா செல்கின்றனர். அவர்கள் காணும் இடங்களுள் ஹோட்டன் சமவெளி தலையாயது. ஏறக்குறைய 2,100 மீற்றர் உயரத்திற் பரந்து கிடக்கும் அப்புல்வெளியிலே மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளின் கிளைகள் ஊற்றெடுக்கின்றன. ஆங்கு ஏறக்குறைய 9 கிலோமீற்றர் நடப்பதற்குக் கால்வலிமை மட்டும் போதாது; முன்னறிவும் வேண்டும் என்பது என் துணிபு.

காட்டினுள் நுழைவோன் அஞ்சி நடக்கின்றான். புல்வெளியில் நடப்போனோ, எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றதென்று எண்ணி அச்சம் நீங்குகின்றான். ஆனால், ஆங்கு ஒதுங்க இடமில்லை. விடியலிற் குளிர் நடுக்கும். பின்னர் வெயில் சுடும். முற்பகலிலேயே மூடுபனி எழுந்து வழியை மறைக்கும். இடி முழங்கினால் அவ்வெளியில் உயர்ந்து நிற்பவன் மனிதனே. உலக முடிவு என்னும் விளிம்பின் கீழோ 800 மீற்றருக்கு மேற்பட்ட பள்ளம்.

விலங்கின் சாந்தமும் இவ்வாறே நம்மை ஏமாற்றும். சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், கொம்புள்ள மரையொன்றுக்குப் பாண் துண்டொன்றை நீட்டினான். அஃது அருகே வந்தது; யாவரும் மகிழ்ந்தோம்; யானும் தடுத்திலேன். மறுகணம் அது தலையைச் சிலுப்ப, கொம்பின் நுனி அவன் கண்ணுக்கு ஒரு சாண் தூரத்தாற் சென்றது. குற்றம் மரையினதுமன்று, சிறுவனதுமன்று, என்னுடையதே.

விலங்குக்கு உணவூட்டுதலை ஈகையென்று கருதுதல் பிழை. ஊட்டப்பட்ட விலங்கு மனிதருக்கு அஞ்சுதலை மறக்கின்றது. உணவு மணக்கும் பொலித்தீனையும் விழுங்கி மாய்கின்றது. வாயிலிலேயே பொலித்தீனைத் தடுப்பது இதனாலன்றோ? மேலும், மரை திரியுமிடம் சிறுத்தை திரியுமிடமுமாம்.

ஆதலின், புறப்படுமுன் வகுப்பறையிலேயே இவற்றைக் கற்பித்தல் வேண்டும்: காலையிலேயே நடக்கத் தொடங்குக, நீரும் மழையங்கியும் கொண்டு செல்க, பாதையையும் கூட்டத்தையும் விட்டு விலகற்க, விலங்கைத் தொலைவில் நின்று காண்க, பனி மூடினும் இடி முழங்கினும் திரும்புக. பாதி வழியில் திரும்புதலைத் தோல்வியென்று மாணாக்கர் எண்ணாதிருக்க, ஆசிரியனே முதலிற் கற்றல் வேண்டும்.

பழைய மாணவராகிய நம்மிற் பலர் இன்று ஆசிரியர்; பலர் பெற்றோர். பேருந்து ஒழுங்காயிற்று, கட்டணம் சேர்ந்தது என்பதோடு நம் கடமை முடிந்ததென்று இனியேனும் இராதிருப்போமாக.