எழுதப்படாத புகார்

விழிதியூரில் வயலோரத்து மோட்டார் ஒன்று களவுபோனால், உடைமையாளர் முதலில் கேட்கும் கேள்வி, "ஸ்டேஷனில் நமக்குத் தெரிந்தவர் யார்?" என்பதே. கட்சிக்காரர் ஒருவரோ, ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவரோ உடன் வந்தாலொழிய நம் சொல் அங்கே ஏறாது என்று நம்பப் பழகிவிட்டோம். இதற்கு உலக அனுபவம் என்று பெயரும் சூட்டிவிட்டோம். உரிமையைத் தயவாகக் கெஞ்சிப் பெறும் இந்த இழிநிலையை இன்னும் எத்தனை காலம் சுமக்கப்போகிறோம்?

காவல் நிலையத்து வாயிலில் நாம் கேட்டுச் சலித்த வாசகங்கள் மூன்று. "ஐயா வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வா." "மனுவைக் கொடுத்துவிட்டுப் போ, விசாரிக்கிறோம்." "அந்த இடம் எங்கள் எல்லையில் வராது." மூன்றாவது வாசகம் காரைக்கால் மக்களாகிய நம்மைத் தனியே சுடுகிறது. கிழக்கே கடல், மற்றத் திசைகளில் தமிழ்நாடு. வாஞ்சூரைக் கடந்தால் நாகூர். பேருந்தில் நகையைப் பறிகொடுத்த பெண், அது எந்த அரசின் எல்லைக்குள் பறிபோனது என்று அளந்து பார்த்துவிட்டா படியேற வேண்டும்?

சட்டம் இதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. கடத்தப்பட்ட லலிதா குமாரி என்னும் சிறுமியின் பொருட்டு எழுந்த வழக்கில், 2013 நவம்பர் 12 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால், முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தே ஆகவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை ஏற்கச் சொல்கிறது. அறிக்கையின் நகலை இலவசமாகத் தரச் சொல்கிறது. 90 நாள்களுக்குள் புலனாய்வின் நிலையைப் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 193-ஆம் பிரிவு. ஆயினும் அதே சட்டம், மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்கு உட்பட்ட தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாள் முன்விசாரணைக்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. தட்டிக்கழிக்க விரும்புவோருக்கு இவ்வழி போதும்.

"எல்லாவற்றையும் பதிவு செய்தால் பொய்ப் புகார்கள் பெருகும்; ஆட்களும் போதாது" என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மையாகவே இருக்கலாம். அதை அரசிடம் கேட்க வேண்டுமேயன்றி, பறிகொடுத்தவன் தலையில் சுமத்தலாகாது. பொய்ப் புகார் தருவோரைத் தண்டிக்கவும் சட்டம் இருக்கிறது. உண்மையில் அஞ்சப்படுவது எண்ணிக்கைதான். பதிவேட்டில் குற்றம் ஏறினால் நிலையத்தின் பெயர் கெடும் என்னும் அச்சம் அது. பதிவேடு வெறுமையாய் இருப்பதால் ஊர் அமைதியாய் இருக்கிறது என்று ஆகிவிடுமா?

பதிவு செய்வதோடு கடமை முடிந்துவிடுவதுமில்லை. 2024 மார்ச் 2 அன்று புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒன்பது வயதுச் சிறுமி காணாமற்போனாள். 5-ஆம் நாள் அவளுடைய உடல் வாய்க்காலிலிருந்து எடுக்கப்பட்டது. மக்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். அந்நிலையத்துக் காவலர்கள் ஒட்டுமொத்தமாக இடமாற்றம் செய்யப்பட்டார்கள். விரைந்து தேடியிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா என்று தீர்ப்புச் சொல்ல நாம் துணியவில்லை. ஆனால் ஒன்று கேட்போம்: இடமாற்றம் எதற்கு விடை? மாற்றப்பட்டவர் தம் பழக்கத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு அடுத்த நிலையத்திற்கல்லவா செல்கிறார்! எந்த மணிக்குத் தகவல் வந்தது, எந்த மணிக்குத் தேடல் தொடங்கியது என்பதை மக்கள்முன் வைப்பதே நம்பிக்கையை மீட்கும் வழி.

நம் குற்றத்தையும் ஒப்புக்கொள்வோம். செல்வாக்குள்ளவரை அழைத்துச் சென்று நம் காரியத்தை முடித்துக்கொள்ளும்போது, அழைத்துச் செல்ல ஆளில்லாத கூலிப் பெண்ணை வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறோம். நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது முறையிட்ட கைம்பெண்ணின் உவமையைச் சொல்லி அவளுக்குப் பொறுமையும் போதிக்கிறோம். அவ்வுவமையில் வெட்கப்பட வேண்டியவர் நடுவர் என்பதை ஏனோ மறந்துபோகிறோம்.

ஆகவே, அடுத்த முறை படியேறும்போது சிபாரிசை வீட்டில் விட்டுச் செல்வோம். புகாரை எழுத்தில் கொடுப்போம். நகலைக் கேட்டு வாங்குவோம். மறுத்தால் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புவோம். அங்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரை நாடுவோம். எழுதத் தெரியாத அயலாருக்கு எழுதிக்கொடுத்து உடன் செல்வோம். நம்பிக்கை வையுங்கள் என்று காவல்துறை நம்மிடம் கேட்பதற்கு முன், நம் புகாரை அது எழுதிக்கொள்ளட்டும்.