மேல்மாடி நாகரிகம்

கொழும்பு மாநகரம் விழித்துக்கொண்டது என்று சில ஆண்டுகளாக ஒரு சாரார் எழுதியும் பேசியும் வருகின்றனர். அவர்கள் குறிப்பிடும் விழிப்பு மாலை ஆறு மணிக்கு மேல் உண்டாகும் விழிப்பாகும். கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் கொம்பனித்தெருவிலும் அடுக்குமாடிகளின் உச்சியில் விளக்குகள் எரிகின்றன. மெத்தை இருக்கைகள் போடப்பட்டிருக்கின்றன. பல வண்ணக் கொக்டெயில்கள் கண்ணாடிக் குவளைகளில் வருகின்றன. மேற்கே இந்து சமுத்திரத்தில் சூரியன் இறங்குகின்றது. நாமும் சிங்கப்பூராகி விட்டோம், பாங்கொக்காகி விட்டோம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைப் பக்கங்கள் பூரித்துப் போகின்றன. ஒரு நகரத்தின் நாகரிகத்தை அதன் மேல்மாடியில் இருந்துகொண்டு அளக்கும் இந்த அளவுகோல் யாருடைய கையில் இருக்கின்றது என்பதைச் சற்று விசாரிக்க வேண்டியுள்ளது.

அதற்குமுன் ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கிவிடுதல் நலம். உண்பதையும் குடிப்பதையும் காற்று வாங்குவதையும் பாவமென்று கூறும் கட்சியினர் நாம் அல்லர். அந்தக் கட்சி இந்நாட்டில் வேறோரிடத்தில் கொலு வீற்றிருக்கின்றது. மதுச்சாலையில் பெண்களுக்கு மது விற்கலாகாது, மதுவரித் திணைக்களத்தின் அனுமதியின்றிப் பெண்கள் அங்கு வேலை செய்யலாகாது என்று 1979ஆம் ஆண்டு விதிக்கப்பட்டிருந்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அந்தத் தடையை நீக்கினார். உடனே பண்பாட்டுக் காவலர்கள் கொதித்தெழுந்தனர். சில நாள்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்நீக்கத்தை இரத்துச் செய்யுமாறு பணித்தார். உச்சி மாடியில் குவளை ஏந்திய சீமாட்டிகளை இத்தடை என்றாவது தொட்டதுண்டா? அது தொட்டது அந்த மதுச்சாலையில் வேலை தேடிச் சென்ற ஏழைப் பெண்ணையே. இன்பம் கெடுக்கும் என்று அஞ்சிய காவலர்கள், அதே நகரத்தில் குடும்பங்கள் வீடிழந்து தெருவில் நின்றபோது பண்பாட்டைப் பற்றி வாய் திறந்ததாகத் தெரியவில்லை.

நம்முடைய அணியிலும் இவர்களுக்குச் சற்றுத் தூரத்து உறவினர் சிலர் உளர். உழைக்கும் மக்களைப் பற்றிப் பேசுகின்றவன் தேத்தண்ணீர்க்கடை வாங்கிலன்றி வேறெங்கும் அமரலாகாது என்பது இவர்களின் விரதம். இவர்களது எளிமையை மதிக்கின்றோம், கொள்கையை ஏற்பதற்கில்லை. நல்ல உணவும் நல்ல காற்றும் பணக்காரனுக்கே உரியவை என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு பணக்காரனுடன் வாதாடுவதற்கு என்ன மிஞ்சும்?

அன்ரன் செக்கோவ் 1890 நவம்பரில் கொழும்பில் வந்திறங்கினார். சகலின் தீவிலே தண்டனைக் கைதிகளின் வாழ்க்கையை நேரிற் கண்டுவிட்டுத் திரும்பும் வழி அது. துறைமுகத்துக்கு எதிரே 1875இல் திறக்கப்பட்ட கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலிலே தங்கினார். இலங்கையைச் சொர்க்கம் என்றே தமது கடிதத்தில் வருணித்தார். ஹோட்டற்காரரும் ஓர் அறைக்கு அவர் பெயரைச் சூட்டிப் பெருமை தேடிக்கொண்டனர். ஆனால் அவ்வாண்டு டிசம்பரில், முடிவிலே "கொழும்பு" என்ற குறிப்புடன் அச்சேறிய "கூசெவ்" என்னும் அவரது கதை சொர்க்கத்தைப் பற்றிப் பேசவில்லை. கப்பலின் நோயாளர் அறையிலே கிடந்து செத்து, பாய்த்துணியில் வைத்துத் தைக்கப்பட்டுக் கடலில் எறியப்படுகின்ற ஒரு சாதாரணச் சிப்பாயின் கதை அது. விறாந்தையின் சுகத்தை அனுபவித்த மனிதர் கப்பலின் அடித்தட்டை மறந்துவிடவில்லை. மேல்மாடிகளின் புகழ்பாடிகளிடம் நாம் எதிர்பார்ப்பது இந்த நேர்மையில் ஒரு சிறு பங்கைத்தான்.

இனி நிலத்துக்கு இறங்குவோம். காலிமுகத்திடலின் நடைபாதையை 1856இல் தொடங்கி 1859இல் முடித்தவர் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட். கொழும்பின் சீமாட்டிகளினதும் குழந்தைகளினதும் நலனுக்காக இதனைத் தமக்குப் பின்வருவோர் பேணவேண்டும் என்று அங்கே ஒரு கல் நாட்டினார். அவர் மனதில் இருந்த சீமாட்டிகள் வெள்ளைத் துரைசானிமாராகவே இருந்திருப்பர். திடலின் தென்கோடியில் கால்பேஸ் ஹோட்டல் 1864இல் எழுந்ததும் அந்த வர்க்கத்தாரின் வசதிக்காகவே. ஆயினும் சரித்திரம் தேசாதிபதியை மீறிச் சென்றது. கொச்சிக்கடைச் சுமைகூலியும் மட்டக்குளித் தையற்காரியும் ஹட்டனிலிருந்து ஒருநாட் பயணம் வந்த தோட்டத் தொழிலாளியும் அந்தப் புல்தரையிலே குழந்தைகளுடன் அமர்ந்து, இறால் வடை கடித்து, பட்டம் விட்டு, சூரியன் இறங்குவதைச் சதமொன்றும் கொடாமற் பார்த்தார்கள். கொழும்பின் மிகச் சிறந்த உல்லாசம் எதுவென்று என்னைக் கேட்டால் இன்றும் இதனையே சொல்வேன். இறால் வடையில் மணல் சற்றுக் கலந்திருக்கும் என்பது வேறு விடயம்.

போர் முடிந்த மறு வருடம், 2010இல், நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. நகரை அழகுபடுத்துவதற்குப் பாதுகாப்பு அமைச்சு எதற்கு என்று அப்பொழுது கேட்டவர் மிகச் சிலரே. அவர்களுக்கு விடை கிடைக்க நெடுங்காலம் செல்லவில்லை. அவ்வருடம் மே மாதம் 8ஆந் திகதி கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் ஏறத்தாழ 20 வீடுகள் படையினரின் காவலுடன் இடித்துத் தள்ளப்பட்டன. திடலுக்கு எதிரே இராணுவத் தலைமையகம் இருந்த பொதுநிலத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் வெளிநாட்டு ஹோட்டற் கம்பனியொன்றின் கைக்கு மாறியது. 2017 நவம்பரில் அங்கு ஷங்கிரி-லா தன் கதவுகளைத் திறந்தது. கோட்டையிலே 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தக் கும்பினியின் ஊழியருக்காகக் கட்டப்பட்டதும், 1996இல் மத்திய வங்கிக் குண்டுவெடிப்பிலே சேதமுற்றதுமான பழைய ஆஸ்பத்திரி 2011 டிசம்பரில் உணவகங்களும் கடைகளும் நிறைந்த தொகுதியாகத் திறந்து வைக்கப்பட்டது. அக்கட்டடத்தை இடிக்காமற் காத்தது நற்செயல். அதனைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பழைய சுவரைப் பேணுவதற்குத் தெரிந்த கைகளுக்குப் பழைய குடிகளைப் பேணுவதற்கு மட்டும் ஏன் தெரியாமற் போயிற்று என்பதே கேள்வி.

வெளியேற்றப்பட்டவர்களுக்கும் உயரம் வழங்கப்பட்டது என்பதை அதிகாரிகள் நினைவூட்டக்கூடும். உண்மைதான். தெமட்டகொடையிலும் வனாத்தமுல்லையிலும் 12 மாடித் தொடர்மாடிகள் எழுந்தன. ஏறத்தாழ 400 சதுர அடி கொண்ட வீடுகள். காணியும் வீடும் பறிகொடுத்தவனே இவ்வீட்டுக்குப் பத்து இலட்சம் ரூபா கடனாளியாகி, அதனை மாதா மாதம் 20 ஆண்டுகள் கட்டித் தீர்க்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இல் வெளியிட்ட ஆய்வறிக்கை இந்த அழகுபடுத்தலின் அவலட்சணத்தை விரிவாக எடுத்துக் காட்டிற்று. முற்றமும் திண்ணையும் வீட்டு வாசலில் நடத்திவந்த சிறு இடியப்பக் கடையும் போயின. மின்தூக்கி பழுதானால் அரிசிப் பையையும் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். இதுவும் கொழும்பின் மேல்மாடிதான். இங்கிருந்து தெரியும் காட்சியைப் பற்றி எந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்திலாவது ஒரு பந்தி படித்த நினைவு எனக்கில்லை.

காட்சிக்கு விலை குறிக்கும் இந்த வியாபாரத்தின் உச்சத்தைத் தாமரைக் கோபுரத்தில் கண்டோம். 2022 செப்டெம்பர் 15ஆந் திகதி அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஏறிப் பார்ப்பதற்கு 500 ரூபா. வரிசையில் நில்லாது ஏற விரும்புவோருக்கு 2,000 ரூபா. அந்த மாதத்திலேதான் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தையும் தொட்டது. பருப்பு வாங்குவதா பால்மா வாங்குவதா என்று வீடுகளிலே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அந்நகரத்து மக்களுக்கே அவர்களுடைய நகரத்தைச் சீட்டு வெட்டிக் காண்பித்தார்கள்.

மேல்மாடிக்குக் குவளை தானாக ஏறி வருவதில்லை. சாராயத்தையே எடுத்துக் கொள்வோம். சில ஆண்டுகளாகத் தென்னஞ் சாராயம் கொக்டெயில்களில் நாகரிகப் பொருளாகியிருக்கின்றது. தவறணையில் குடித்தால் இழிவு, இருபதாம் மாடியில் எலுமிச்சைத் துண்டுடன் குடித்தால் தேசிய மரபு. இந்த மரபின் முதற்படியில் நிற்பவன் களுத்துறை, வாதுவைக் கரையோரங்களில் தென்னை மரத்தின் வட்டிலிருந்து அடுத்த வட்டுக்குக் கட்டப்பட்ட கயிற்றின்மேல் நடந்து கள்ளிறக்குபவன். கைப்பிடிச் சுவரில்லாத உயரம் அவனுடையது. கயிறு அறுந்தால் என்னவாகும் என்பதை எந்தக் கொக்டெயில் பட்டியலும் எழுதுவதில்லை. அவன் இறக்கிய கள்ளில் காய்ச்சிய சாராயத்தின் குத்தகையிலேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நமது நாட்டின் முதலாளி வர்க்கத்தில் ஒரு பெரும்பகுதி தன் முதலைத் திரட்டியது என்பதைக் குமாரி ஜயவர்த்தன ஆராய்ந்து காட்டியுள்ளார். அக்குத்தகைக்காரரின் பெயர்கள் கொழும்பின் மாளிகைகளில் நிலைத்தன. கயிற்றில் நடந்தவனின் பெயர் எங்கும் இல்லை.

கோப்பை கழுவுபவனையும் மேசை துடைப்பவனையும் நாம் நன்றாக அறிவோம். அவர்களுட் பலர் நமது மாணவர்கள். மலையகத் தோட்டத்துப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்கள், சாதாரணதரப் பரீட்சைக்கு முன்னரே வகுப்பிலிருந்து மறைந்துவிடும் பையன்களைப் பற்றி அறிவார்கள். கொழும்பிலே சைவக்கடைகளின் பின்கட்டிலும் பெரிய உணவகங்களின் சமையற்கட்டிலும் அவர்களைக் காணலாம். அவர்களுடைய பெற்றோரின் நாட்சம்பளம் பல ஆண்டுப் போராட்டத்தின் பின்னரே 2021இல் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் ஏறியது. அந்த ஆயிரம் ரூபாவுக்கு மகன் வேலை செய்யும் மேல்மாடியில் ஒரு குவளை முழுதாகக் கிடைப்பது அரிது.

இங்கே சேவைக் கட்டணம் என்னும் நூற்றுக்குப் பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சீட்டின் அடியில் அது தவறாமல் அச்சாகி வருகின்றது. கொடுப்பவர் ஊழியனுக்கே கொடுத்ததாக எண்ணி மனநிறைவுடன் எழுந்து செல்கின்றார். ஊழியனோ அடிப்படைச் சம்பளம் குறைவாக இருப்பதால் அந்தப் பத்தையே நம்பி வாழ்கின்றான். வாடிக்கையாளர் வந்தால் வருமானம், வராவிட்டால் பட்டினி. வியாபாரத்தின் நட்டம் முதலாளியின் தோளிலிருந்து பரிமாறுபவனின் தோளுக்கு எவ்வளவு நயமாக இறக்கி வைக்கப்பட்டுள்ளது! 2020இல் கொள்ளைநோயினால் ஹோட்டல்கள் மூடப்பட்டபோது அந்தப் பத்து வீதம் ஒரே நாளில் மறைந்தது. வீட்டு வாடகை மறையவில்லை.

மக்களுக்கு அழகிய மாலையை அனுபவிக்கத் தெரியாது, அவர்களிடம் விட்டால் குப்பையாக்கிவிடுவார்கள் என்று நயமான குரலில் ஒரு வாதம் சொல்லப்படுவதுண்டு. அதற்கு 2022ஆம் ஆண்டின் காலிமுகத்திடலே மறுமொழி. ஏப்ரல் 9ஆந் திகதி தொடங்கிய போராட்டக் களத்தில் மக்கள் நூலகம் அமைத்தார்கள்; இலவசச் சமையற்கூடம் நடத்தினார்கள்; பாடினார்கள்; நாடகம் ஆடினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பந்தியில் சோறு உண்டார்கள். எல்லாக் குறைகளோடும் கூறினாலும், கொழும்பு தன் வரலாற்றில் கண்ட மிகப் பெரிய திறந்தவெளி உணவகம் அதுதான். சேவைக் கட்டணம் அறவிடப்படவில்லை. ஜூலை 22ஆந் திகதி அதிகாலையில் படையினர் புகுந்து கூடாரங்களைப் பிடுங்கினார்கள். சுற்றியிருந்த ஹோட்டல்களின் உச்சியில் நின்றவர்களுக்கு அக்காட்சி தெளிவாகத் தெரிந்திருக்கும்.

ஆகவே மேல்மாடிகளைப் பூட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. திறந்துவிடுங்கள் என்று கேட்கின்றோம். கடற்கரையிலே 20 மாடி கட்டுவதற்கு அனுமதி வழங்கும் அதிகாரசபை, அதன் உச்சித் தளத்தில் ஒரு பகுதி எவரும் கட்டணமின்றி ஏறி நின்று பார்க்கும் பொது இடமாக இருத்தல் வேண்டும் என்று நிபந்தனை விதிக்கட்டும். சேவைக் கட்டணம் எவ்வளவு அறவிடப்பட்டது, யாருக்கு எவ்வளவு பகிரப்பட்டது என்பதை ஊழியர் காணும்படி மாதந்தோறும் ஒட்டி வைப்பதைச் சட்டம் ஆக்கட்டும். கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே வேலைநேரத்துக்கு வரம்பு கட்டியது. நள்ளிரவுக்குப் பின் மேசை அடுக்குபவனின் நேரக்கணக்கை அந்தச் சட்டத்தின்படி தொழில் திணைக்களத்தார் ஒரு தடவையாவது இரவில் வந்து பார்க்கட்டும். பகலில் வந்தால் அவன் உறங்கிக்கொண்டிருப்பான்.

இவற்றைக் கேட்கவேண்டியவர்கள் தொழிற்சங்கத்தார் மட்டுமல்லர். தவணை முடிவிலும் பட்டமளிப்பு நாளிலும் நமது ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் கூட்டாகப் பணம் சேர்த்து இத்தகைய இடங்களுக்குச் செல்கின்றனர். செல்லுங்கள், வயிறார உண்ணுங்கள், சூரியனையும் பாருங்கள். சீட்டைக் கொண்டுவரும் பையனிடம், இந்தப் பத்து வீதத்தில் உனக்கு எவ்வளவு தம்பி, கடை பூட்டிய பிறகு எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகின்றாய் என்று கேளுங்கள். அவன் சொல்லும் தொகையைச் சீட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டு வந்து அடுத்த சங்கக் கூட்டத்தில் மேசைமேல் வையுங்கள்.