திரைக்குப் பின்பக்கம்

போடிமெட்டு மலைக்குக் கீழே, ஏலத்தோட்ட வேலைக்கு விடியுமுன்னே ஜீப்பேறுகிற சனங்களின் தெருவில், மாணவத் தோழர்கள் சிலர் பாவைக்கூத்து மேடைக்குப் படம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பாணியிலேயே கட்டவேண்டுமாம். "நீங்க பாத்துச் சொல்லுங்கண்ணே" என்று தாளை நீட்டினார்கள். பேங்கில் கணக்கெழுதுகிறவன் நான். கவிதை எழுதுவது சாயங்காலத்துக்கு மேல்தான். ஆனாலும் பார்த்தேன். மூங்கில், கயிறு, மேலே வெள்ளை வேட்டி, கீழே கறுப்புத் துணி, ஒற்றை விளக்கு. எல்லாம் சரி. ஆனால் பின்பக்கத்தைத் தட்டி வைத்து அடைத்திருந்தார்கள். ஏன் என்றேன். "உள்ள வந்து பாத்துட்டா ரகசியம் போயிடும்ல?"

அந்த ரகசியம் யாருக்குத் தேவை? இந்தக் கட்டுரையின் கேள்வி அவ்வளவுதான்.

அந்தக் காலத்துப் பாணி என்றால் பாலக்காட்டுப் பக்கம் கூத்துமாடம் இருக்கிறது. பத்ரகாளி கோவிலுக்கு எதிரே நிரந்தரமாகக் கட்டிய 42 அடி நீள மாடம். உள்ளே வரிசையாக 21 விளக்கு. பாடுவது கம்பன் பாட்டு. பார்க்க ஒரு ஆள்கூட இல்லாவிட்டாலும் கூத்து நடக்கும். தாருகனோடு சண்டையிலிருந்ததால் ராவண வதத்தைப் பார்க்காமல் விட்டவள் காளி. அவளுக்காகத்தான் கூத்து என்பது ஐதீகம். சனங்கள் வந்தால் வரட்டும், வராட்டிப் போகட்டும்.

நம் பக்கத்துத் தோல்பாவைக்கூத்து வேறு. மராத்தி பேசும் மண்டிகர்கள் ஊரூராகச் சுமந்து வந்தது. மாடம் கிடையாது. நாலு கம்பு, பழஞ்சேலை, சாக்கு. ஒரே குடும்பம்; ஒரே ஆள் அத்தனை குரலிலும் பேசுவார். சனங்கள் வராவிட்டால் அன்றைக்கு அடுப்பெரியாது. அந்தக் கூத்திலும் ராமாயணம்தான் பிரதானம் என்றாலும், ராமன் நின்று நீதி பேசும்போது தூங்கிப்போகிற சனம், உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்தால்தான் எழுந்து உட்காரும்.

உச்சிக்குடும்பன்! உச்சிக்குடுமியிலிருந்து வந்த பேராகக்கூட இருக்கலாம். ஆனால் குடும்பன் என்பது பட்டியல் சாதி அட்டவணையில் இருக்கிற பெயர். திரையில் ராஜா ராஜாவாகவே இருக்க, கோமாளிக்கு மட்டும் நம்மில் ஒரு பகுதியின் பேரு எப்படி ஒட்டிக்கொண்டது? நாமும் சேர்ந்தல்லவா சிரித்தோம்?

இதைவிடப் பெரிய விஷயம் தோல். ஆட்டுத்தோலை ஊறவைத்து, மயிர் போகச் சுரண்டி, இழுத்துக்கட்டிக் காயவைத்து, உருவம் வரைந்து, உளியால் பொட்டுப்பொட்டாகத் துளைபோட்டுச் சாயம் பூசவேண்டும். அந்தத் துளை வழியாக வருகிற வெளிச்சம்தான் ராமனுக்குக் கிரீடமும் ஆரமும். ராமனாகிவிட்ட தோலைப் பார்த்துக் கும்பிடுவார்கள். தோலை உரித்துக் கொடுத்தவனின் நிழல் பட்டால் தீட்டு! நிழலையே தீட்டாக்கிய ஒரு சமூகம், நிழலையே சாமியாக்கிக் கும்பிட்டிருக்கிறது.

என் அம்மாச்சி சொல்லுவாள்: "ஊர்க்காரவுக முன்னாடி உக்காந்திருப்பாக. நம்மள அங்கன விடமாட்டாக. கூத்துக்காரரு பொண்டாட்டிதான் பாவப்பட்டு, இங்கிட்டு வந்து பாருங்கத்தான்னு பின்னாடி கூப்பிட்டா. அங்கன பாத்தா ராமரு வெறும் ஆட்டுத்தோலுடா. எங்கய்யா உரிக்கிற தோலு மாதிரியே இருந்துச்சு."

ஊர்க்காரர்கள் நிழலைப் பார்த்தார்கள். அம்மாச்சி உண்மையைப் பார்த்தாள். ஒதுக்கப்பட்ட இடத்திலிருந்துதான் எல்லாம் தெரிந்தது. அந்த இடத்தைத்தான் நம் தம்பிகள் தட்டி வைத்து அடைக்கப் பார்க்கிறார்கள்! திரைக்குப் பின்னால் வராதே என்பது, கருவறைக்குள் வராதே என்பதற்குத் தம்பி முறை.

ஆகவே நான் சொன்னது இது. மேடைக்குப் பின்பக்கமே வேண்டாம். தரையில் நாலு கம்பு, நடுவில் திரை, இரண்டு பக்கமும் சனங்கள். ஜாவாத் தீவின் தோல்பாவைக் கூத்தில் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்ப்பது சர்வ சாதாரணம். ட்யூப்லைட் வேண்டாம், நிழல் மங்கிவிடும். ஒற்றை பல்பு போதும். மான்தோலை நினைக்கவே வேண்டாம், 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, ஆட்டுத்தோல் போதும். தோல் பதப்படுத்துவதை அதே மந்தையில், பகலில், எல்லாரும் பார்க்கச் செய்யவேண்டும். எல்லாரும் கைவைக்கவேண்டும். இதைச் சொன்னபோது இரண்டு தோழர்கள் முகம் சுளித்ததைக் கவனித்தேன். நமக்குள்ளேயே தோல் தொட்டவனைத் தள்ளிவைக்கிற புத்தி இன்னும் சாகவில்லை, தோழர்களே. முதலில் அது சாகட்டும்.

ராமன் கதை சுமந்த கலை நமக்கெதற்கு, கொளுத்திவிடலாம் என்று ஒரு கட்சி. பறை விஷயத்தில் நடந்த அதே சண்டை. சாவுக்கு அடி என்று யாரும் ஏவாத இடத்தில் பறை நம்முடையதானது. அதுபோலத்தான் இதுவும். கதையை விட்டுவிடுவோம், தோலை விடவேண்டாம். பதினேழு கொண்டைஊசி வளைவிலும் குடல் பிரள மலையேறுகிற பெண்கள், ஏலக்காய் ஏலத்தில் விலை ஏறும்போதும் ஏறாத கூலி — இதைவிடவா கதை வேணும்? உச்சிக்குடும்பனும் வரட்டும். பேரைத் தைரியமாகச் சொல்லிக்கொண்டு வரட்டும். இந்த முறை அவன் ராஜாவைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

1989-இல் சாதிக் கலவரம் பார்த்த ஊர் போடி. யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பது இங்கே சின்ன விஷயமில்லை. மேடை அளவை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் அந்தத் தட்டியைப் பிடுங்குங்கள்.